வைரத்தோடு வாங்கறதுக்கு முன்னாடி: கல்லோட குறை, கிரேடு, சர்டிபிகேட் பத்தி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

காரைக்குடி, தேவகோட்டை, பள்ளத்தூர், கண்டனூர்னு எந்த ஊரா இருந்தாலும் பொண்ணுக்கு நாள் குறிச்சாச்சுன்னா அடுத்த பேச்சு வைரத்தோடு தான். சொந்தக்காரங்க, தெரிஞ்சவங்கன்னு ஆளாளுக்கு போன் போட்டு கேக்கற கேள்வி முக்காவாசி ஒண்ணே தான்ங்கறதால எல்லாத்தையும் ஒரே எடத்துல எழுதி வச்சுட்டேன். ஒத்தைக்கல் மோதிரம் வாங்கறவங்களுக்கும் இதுல பாதி பொருந்தும், ஆனா நான் ஏழு கல் தோட்டை மனசுல வச்சே சொல்றேன்.

கடையில "ஈஎஃப், விவிஎஸ்"ன்னு சொல்றாங்களே, அது என்ன?

அது ரெண்டு தனித்தனி விஷயம், ஒண்ணா சேத்து வேகமா சொல்றதால ஒரே பேர் மாதிரி கேக்குது. முதல்ல வர்றது கலர். இங்கிலீஷ் எழுத்துல டி-யில ஆரம்பிச்சு இசட் வரைக்கும் போகும், டி, ஈ, எஃப் மூணும் கலரே இல்லாத கல், ஜி-யில இருந்து ஜே வரைக்கும் கிட்டத்தட்ட வெள்ளை, அதுக்குக் கீழ போகப் போக மஞ்சள் தெரிய ஆரம்பிக்கும். ரெண்டாவது வர்றது கிளாரிட்டி, அதாவது உள்ள இருக்கற குறை. அமெரிக்காவுல 1931ல ஆரம்பிச்ச ஜிஐஏங்கற ரத்தினக்கல் ஆய்வு நிறுவனத்தோட அளவுல இதுக்கு மொத்தம் 11 படி: எஃப்எல், ஐஎஃப், விவிஎஸ்1, விவிஎஸ்2, விஎஸ்1, விஎஸ்2, எஸ்ஐ1, எஸ்ஐ2, ஐ1, ஐ2, ஐ3. எல்லாமே 10 மடங்கு பெருசா காட்டற லென்ஸ்ல பாத்து போடற கிரேடு. முதல் ரெண்டும் லென்ஸ்ல பாத்தாலும் உள்ள குறையே தெரியாத கல்லு. விவிஎஸ்னா பழகின ஆளுக்கே லென்ஸ்ல குறையைத் தேடிக் கண்டுபிடிக்கறது கஷ்டம். விஎஸ்னா கொஞ்சம் மெனக்கெட்டா தெரியும், எஸ்ஐனா லென்ஸ்ல சட்டுன்னு தெரியும், ஐ-ன்னா வெறுங்கண்ணுலயே தெரிஞ்சிரும்.

இப்ப இதை தோட்டுக்குக் கொண்டு வாங்க. ஜோடிக்கு 14 கல், மொத்தம் 1.40 கேரட்னா ஒரு கல்லு 10 சென்ட் (100 சென்ட் ஒரு கேரட்), குறுக்களவு சுமார் 3 மில்லிமீட்டர். அந்த சைஸ்ல விவிஎஸ்க்கும் விஎஸ்க்கும் உள்ள வித்தியாசத்தை பந்தியில எதிர்ல உக்காந்து இருக்கற எந்த ஆச்சியாலயும் சொல்ல முடியாது, விலையில மட்டும் நல்லா தெரியும். என்னைக் கேட்டா விஎஸ் எடுத்துட்டு மிச்சக் காசை கட்டிங்ல, அதாவது கல்லை நல்லா வெட்டியிருக்கறதுல போடுங்கன்னு தான் சொல்லுவேன்.

குறை இருக்கற கல்லை வாங்கலாம்ங்கறீங்களா? வீட்டுல ஆத்தா ஒத்துக்கவே மாட்டாகளே?

குறையே இல்லாத கல்லு ரொம்ப அபூர்வம். பூமிக்குள்ள 150 கிலோமீட்டருக்கும் கீழ, அந்த சூட்டுலயும் அழுத்தத்துலயும் உருவான பொருள், உள்ள ஏதாவது மாட்டிக்கிட்டு தான் வரும். கேக்க வேண்டியது எத்தனை குறைன்னு இல்ல, என்ன குறை, எந்த எடத்துல இருக்குன்னு. இதை மட்டும் பிடிச்சுக்கிட்டா பாதி வேலை முடிஞ்சுது, ஏன்னா ஒரே எஸ்ஐ1 கிரேடு உள்ள ரெண்டு கல்லுல ஒண்ணு தாராளமா வாங்கலாம், இன்னொண்ணு சும்மா குடுத்தாலும் தோட்டுல கட்டக் கூடாதுங்கற மாதிரி இருக்கும்.

வெள்ளையா ஊசி முனை அளவுக்கு ஒரு புள்ளி, அதுவும் ஓரத்துல இருந்தா ஒண்ணும் பயமில்ல, தங்கப் பிடி அதை மறைச்சிரும். அதே கறுப்புப் புள்ளி கல்லோட மேல்தட்டைக்கு நேர் கீழ நடுவுல இருந்தா உள்ள இருக்கற பட்டையெல்லாம் கண்ணாடி வேலை பாத்து ஒரு புள்ளியை நாலஞ்சா காட்டும். ஃபெதர்னு சொல்ற உள்வெடிப்பு இருக்கு பாருங்க, அது தான் எனக்குப் பிடிக்காத குறை. உள்ளயே சின்னதா அடங்கி இருந்தா பரவால்ல, கல்லோட இடுப்பு ஓரத்துல (கர்டில்னு சொல்லுவாங்க) மேல் வரைக்கும் வந்து திறந்து இருந்தா கல் கட்டறவர் பிடியை அழுத்தறப்பவே சில்லு பேந்துரும். வைரம் உலகத்துலயே கடினமான பொருள், கீறல் விழாது, அதெல்லாம் சரி தான், ஆனா நாலு திசையில அதுக்கு லேசா பிளக்கற வாகு உண்டு, சுத்தியால அடிச்சு டெஸ்ட் பண்றேன்னு கிளம்பிராதீங்க.

இன்னொண்ணு கிளவுட். கண்ணுக்குத் தெரியாத பொடிப்புள்ளி கூட்டமா சேந்து இருக்கறது. லேசா இருந்தா பிரச்சனையில்ல, பெருசா பரவி இருந்தா கல்லே பால் கலந்த தண்ணி கணக்கா மங்கிரும். சர்டிபிகேட்ல கிளாரிட்டி கிரேடு கிளவுடை வச்சுப் போட்டது, அதைப் படத்துல காட்டலன்னு ஒரு வரி போட்டிருந்தா அந்தக் கல்லை நேர்ல வெளிச்சத்துல பாக்காம முடிவு பண்ணாதீங்க.

காகபாதம் இருந்தா குடும்பத்துக்கு ஆகாதுங்கறாங்களே?

நம்பிக்கை அவங்கவங்க விருப்பம், அதுல நான் தலையிட மாட்டேன். ஆனா அந்தப் பட்டியல் ரொம்பப் பழசு, சிலப்பதிகாரத்துல கோவலன் மதுரைக் கடைவீதியைப் பாத்துட்டு வர்ற எடத்துலயே வைரத்தோட குறைன்னு காகபாதம், களங்கம், விந்து, ஏகைனு நாலு வந்துருது. காக்கா கால் கணக்கா பிரிஞ்ச வெடிப்பு, கறை, புள்ளி, கோடு. இன்னைக்கு லேப்ல கல்லோட படத்துல சிவப்பு மைல குறிச்சுக் குடுக்கறதுலயும் இதே மாதிரி குறையெல்லாம் உண்டு, பேர் மட்டும் மாறிப்போச்சு. அதனால வீட்டுல பெரியவங்க "கல்லுல காக்கா கால் இருக்கான்னு பாரு"ன்னு சொன்னா மூடநம்பிக்கைன்னு சிரிக்காதீங்க, உடையற வெடிப்பு உள்ள கல்லு வேண்டாம்னு தான் அவுக சொல்றாக.

லென்ஸ்ல எப்படி பாக்கறது? எனக்கு ஒண்ணுமே தெரியலையே?

முதல் தடவை யாருக்கும் தெரியாது. பொதுவா லென்ஸை கையில பிடிச்சு கல்லுக்குப் பக்கத்துல கொண்டு போறாங்க, அது தப்பு. லென்ஸை கண்ணோட ஒட்டி வச்சுக்கணும், கண்ணாடி போட்டிருந்தா கண்ணாடியோட ஒட்டி, ரெண்டு கண்ணையும் திறந்தே வைக்கணும், அப்புறம் இடுக்கியில பிடிச்ச கல்லை ஒரு இஞ்ச் தூரத்துக்குக் கொண்டு வந்து முன்னப் பின்ன நகத்தணும். கை ஆடுச்சுன்னா ரெண்டு கையையும் சேத்து மேஜையில முழங்கையை ஊனிக்கங்க. தெளிவு வந்ததும் மேல் பரப்பைப் பாக்காதீங்க, கல்லுக்குள்ள ஆழமா போங்க. கல்லை லேசா சாய்ச்சுப் பாருங்க, சாய்க்கறப்ப எடம் மாறாம நிக்கற புள்ளி தூசியா இருக்கலாம், துணியால துடைச்சுட்டு திரும்பப் பாருங்க. துடைச்சும் அங்கேயே இருந்தா அது குறை. அப்புறம் கல்லைப் பக்கவாட்டுல பிடிச்சு இடுப்பைச் சுத்தி ஒரு ரவுண்டு பாருங்க, சில்லு, வெடிப்பு எல்லாம் அங்க தான் ஒளிஞ்சிருக்கும், கடையில யாரும் அந்தப் பக்கத்தைத் தானா காட்ட மாட்டாங்க.

கலர் பாக்கறதுக்கு கடை லைட்டு ஆகவே ஆகாது, அந்த ஸ்பாட் லைட்டுல கண்ணாடித் துண்டு கூட ஜொலிக்கும். வெள்ளைப் பேப்பரை நடுவுல மடிச்சு, அந்த மடிப்புல கல்லைக் கவுத்து வச்சு, வாசப்பக்கம் நிழல் வெளிச்சத்துல பாருங்க. கவுத்துப் பாத்தா தான் மஞ்சள் தெரியும், நேராப் பாத்தா ஜொலிப்பு கண்ணை ஏமாத்திரும். லேப்லயும் கவுத்து வச்சு மாதிரிக் கல்லோட ஒப்பிட்டுத் தான் கலர் போடறாங்க. ஏழு கல்லையும் ஒரே வரிசையில வச்சுப் பாருங்க. தோட்டுல எல்லாமே ஹெச் கலரா இருந்தா யாருக்கும் தெரியாது, ஆறு எஃப் நடுவுல ஒரு ஐ இருந்தா அது மட்டும் தனியா முழிக்கும்.

கட்டிங் கட்டிங்கறீங்க, அதை எப்படி கண்டுபிடிக்கறது?

ஜொலிப்பு வர்றது கட்டிங்ல இருந்து தான், கிளாரிட்டியில இருந்து இல்ல. மேல இருந்து நுழையற வெளிச்சம் அடியில பட்டு திரும்பி மேல வரணும், ரொம்ப ஆழமாவோ தட்டையாவோ வெட்டியிருந்தா பக்கவாட்டுல ஓடிரும், நடுவுல இருட்டா கெடக்கும். எடை குறையக் கூடாதுன்னு ஆழமா வெட்டின கல்லு நிறைய உலாவுது, கேரட் கணக்குக்குக் காசு குடுப்பீங்க, பார்வைக்குச் சின்னதா இருக்கும். அதனால மில்லிமீட்டர் கேளுங்க. வட்டக் கல்லுன்னா 10 சென்ட் 3 மில்லி, 25 சென்ட் 4.1, அரை கேரட் 5.1, ஒரு கேரட் 6.5 கிட்ட வரணும். இதை விட நல்லா கம்மியா இருந்தா எடை அடியில ஒளிஞ்சிருக்குன்னு அர்த்தம்.

ப்ளூ ஜாகர் தான் வாங்கணும்னு சொல்றாங்களே?

தமிழ்நாடு முழுக்க கேக்கற பேர், நம்ம பக்கம் கொஞ்சம் ஜாஸ்தி. தென்னாப்பிரிக்காவுல ஜாகர்ஸ்ஃபொன்டைன்னு ஒரு சுரங்கம், அங்க கெடச்ச வெள்ளைக் கல்லுல லேசா நீலம் ஓடுச்சு, அதனால அந்தப் பேர். 1893ல 995 கேரட் எக்ஸெல்சியர் கல்லு கெடச்சதும் அங்க தான். அந்தச் சுரங்கம் 1971லயே மூடியாச்சு. அப்ப இன்னைக்கு கடையில ப்ளூ ஜாகர்னு நீட்டறது எங்க இருந்து வருது? அது வெறும் வியாபாரப் பேர், ஜிஐஏ சர்டிபிகேட்ல அப்படி ஒரு கிரேடே கிடையாது. பெரும்பாலும் நீல ஃப்ளோரசன்ஸ் உள்ள கல்லைத் தான் அப்படிச் சொல்லி விக்கறாங்க.

ஃப்ளோரசன்ஸ்னா புற ஊதா லைட்டு அடிச்சா கல்லு நீலமா ஒளிர்றது, வெயில்லயும் கொஞ்சம் அந்த ஊதா இருக்கறதால வெளிய போனா கல்லு நீலம் காட்டும். நூத்துக்கு 25ல இருந்து 35 கல்லுக்கு இந்தக் குணம் உண்டு, அது குறை இல்ல. ஹெச், ஐ கலர் கல்லுல லேசா இருந்தா மஞ்சளை அமுக்கி இன்னும் வெள்ளையா காட்டும், லாபம் தான். ஸ்ட்ராங்னு போட்டிருந்தா வெயில்ல கொண்டு போய்ப் பாருங்க, சில கல்லு எண்ணெய் படிஞ்ச மாதிரி கலங்கித் தெரியும். வெளி மார்க்கெட்ல ஸ்ட்ராங் ஃப்ளோரசன்ஸ் உள்ள வெள்ளைக் கல்லுக்கு விலை குறைவு, நம்மகிட்ட மட்டும் அதுக்கே பேர் வச்சு கூட விலை. இந்தக் கூத்து எனக்கு இன்னும் புரியல.

சர்டிபிகேட் இருந்தா போதும்ல?

யார் குடுத்த சர்டிபிகேட், எதுக்குக் குடுத்ததுன்னு பாக்கணும். தனிக் கல்லுக்கு ஜிஐஏ, ஐஜிஐ மாதிரி லேப் குடுத்த ரிப்போர்ட்னா நம்பர் இருக்கும், அதை அவங்க வெப்சைட்ல போட்டு சரிபாக்கலாம், கல்லோட இடுப்புல லேசர்ல அதே நம்பர் பொறிச்சிருந்தா லென்ஸ்ல படிச்சு ஒத்துப் பாருங்க. ரிப்போர்ட் ஒரு கல்லுக்கு, கையில இருக்கறது வேற கல்லுங்கற கதையெல்லாம் இதுலயே தடுத்துரலாம்.

ஏழு கல் தோட்டுல இது நடக்காது. 10 சென்ட் கல்லு ஒவ்வொண்ணுக்கும் தனி ரிப்போர்ட் போட மாட்டாங்க, மொத்த நகைக்கும் ஒரே கார்டு தான் வரும், அதுல "ஈ-எஃப், விவிஎஸ்-விஎஸ்"ன்னு ஒரு ரேஞ்ச் போட்டிருக்கும். நகையில கட்டின பிறகு பாத்து போட்டதுன்னா, பிடி மறைச்ச எடத்தை லேப்காரங்களும் பாத்திருக்க முடியாது. தங்கத்துல இருக்கற ஹால்மார்க், ஆறு எழுத்து ஹெச்யூஐடி நம்பர் எல்லாம் தங்கத்தோட சுத்தத்துக்கு மட்டும், வைரத்துக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்ல, இதை நிறைய பேர் குழப்பிக்கறாங்க.

அப்ப தோட்டுக் கல்லை எப்படித் தான் செக் பண்றது?

கட்டறதுக்கு முன்னாடி தனியா பாருங்க, வேற வழியே இல்ல. ரெடிமேட் தோடு வாங்காம கல்லைத் தனியா தேர்ந்தெடுத்து கட்டக் குடுக்கற வழக்கம் நம்ம பக்கம் காலங்காலமா இருந்தது தானே, அதை விட்டுராதீங்க. பொட்டலத்தைப் பிரிச்சு பேப்பர்ல கொட்டி 14 கல்லையும் ஒவ்வொண்ணா பாத்துட்டு, எடை போட்டு, எழுதி வாங்கிக்கிட்டு அப்புறம் கட்டக் குடுங்க.

முக்கியமா பின்பக்கம் மூடின பழைய பாணி கட்டு கேக்கறவங்க இதைச் செஞ்சே ஆகணும். மூடின கட்டுல அடியில தகடு வச்சிருப்பாங்க, தங்கத்தோட மஞ்சளும் சேந்து அடிக்கும், கல்லோட நிஜ கலர் என்ன, அடியில என்ன வெடிப்பு இருக்குன்னு யாராலயும் சொல்ல முடியாது. பாக்க அழகா தான் இருக்கும், எனக்கும் பிடிக்கும். ஆனா மூடின கட்டுக்கு டி கலர் கல்லு வாங்கறது வீண், அந்த மஞ்சள் பின்னணியில ஜி, ஹெச்சே வெள்ளையா தான் நிக்கும்.

அப்பத்தா குடுத்த தோட்டுல ஒவ்வொரு கல்லுலயும் நடுவுல ஓட்டை மாதிரி தெரியுது, மாத்திரலாமா?

அவசரப்படாதீங்க! அது ஓட்டையும் இல்ல, கரும்புள்ளியும் இல்ல. பழைய காலத்துக் கட்டிங்ல கல்லோட அடி முனையைக் கூராக்காம சின்னத் தட்டையா விட்டுருவாங்க, மேல இருந்து பாத்தா அது வட்டமா ஓட்டை கணக்கா தெரியும். கையால வெட்டின கல்லுங்கறதால ஏழும் ஏழு விதமா இருக்கும். இதைக் காட்டி "கல்லுல தோஷம் இருக்கு, எக்ஸ்சேஞ்ச்ல புதுசு எடுத்துக்கங்க"ன்னு ஒரு கடையில எங்க சொந்தத்துல ஒருத்தங்களை கிட்டத்தட்ட சம்மதிக்க வச்சுட்டாங்க, நல்ல வேளையா அயித்தை கூட இருந்ததால தோடு வீடு வந்து சேந்துச்சு. பழைய தோட்டை மாத்தணும்னா முதல்ல கல்லை எல்லாம் உங்க கண் முன்னாடி கழட்டி, எண்ணி, எடை போட்டு, லென்ஸ்ல பாத்துட்டு அப்புறம் பேசுங்க.

லேப் வைரம், மொய்சனைட்னு சொல்லி ஏமாத்துவாங்களா? டெஸ்டர் வச்சா தெரியுமா?

கடையில பேனா மாதிரி வச்சிருக்கற டெஸ்டர் சூடு கடத்தறதைத் தான் பாக்குது. அமெரிக்கன் டைமண்ட் அதுல மாட்டிக்கும். மொய்சனைட்ங்கறது வைரம் மாதிரியே தெரியற வேற கல்லு, அது சாதா டெஸ்டர்ல வைரம்னே காட்டும், ஆனா லென்ஸ்ல சாய்ச்சுப் பாத்தா அடியில இருக்கற பட்டைக் கோடு ரெட்டை ரெட்டையா தெரியும், வைரத்துல அப்படி வரவே வராது. லேப் வைரம் இன்னொரு விவகாரம், அது நிஜ வைரமே தான், மெஷின்ல வளத்தது, டெஸ்டருக்கோ லென்ஸுக்கோ வித்தியாசம் தெரியாது, லேப்ல பெரிய மெஷின் வச்சுத் தான் சொல்ல முடியும். விலை ரொம்பக் கம்மி, திருப்பி விக்கப் போனா அதை விடக் கம்மி. தெரிஞ்சே வாங்கினா ஒரு தப்பும் இல்ல. பில்லுல "நேச்சுரல்"ங்கற வார்த்தை இருக்கான்னு பாருங்க. 2025ல ஜிஐஏ லேப் வைரத்துக்கு இந்த விவிஎஸ், விஎஸ் கிரேடே போட மாட்டோம், ப்ரீமியம், ஸ்டாண்டர்டுன்னு மட்டும் சொல்லுவோம்னு அறிவிச்சிட்டாங்க.

வெடிப்புக்குள்ள கண்ணாடி மாதிரி ஒண்ணை ஊத்தி மறைக்கற வேலையும் உண்டு. கல்லை ஆட்டறப்ப வெடிப்பு எடத்துல ஆரஞ்சு, ஊதான்னு பளிச்சுன்னு ஒரு மின்னல் அடிச்சா சந்தேகப்படுங்க. தங்கத்தைப் பத்த வச்சு ஒட்டற சூட்டுல அது கெட்டுரும், ஜிஐஏ அந்தக் கல்லுக்கு ரிப்போர்ட்டே தராது.

கல்லை மூணு நாள் வீட்டுல வச்சுப் பாக்கறது அவசியமா?

வைரம் ஒத்துக்குதான்னு பாக்கறதுக்கு வீட்டுல வச்சுப் பாக்கற பழக்கம். நம்பினாலும் நம்பாட்டியும் இதை விட்டுராதீங்க, ஏன்னா அந்த மூணு நாள்ல கல்லை காலை வெளிச்சம், டியூப் லைட்டு, வளவுல (வீட்டு உள் முற்றத்துல) நடு மத்தியான வெளிச்சம்னு எல்லாத்துலயும் பாக்கலாம், வேற ஒரு ஆள்கிட்டயும் காட்டலாம். குடுக்க மாட்டோம்னு சொல்ற கடைன்னா, பிடிக்கலன்னா இத்தனை நாளுக்குள்ள திருப்பி எடுத்துக்குவோம்னு எழுத்துல கேளுங்க.

பில்லுல என்ன பாக்கணும்?

தங்கம் நிகர எடை, கல் எடை, மொத்த எடைன்னு மூணும் தனித்தனியா இருக்கணும். ஒரு கேரட் 0.2 கிராம். 1.40 கேரட் கல்லுன்னா 0.280 கிராம், அதை மொத்த எடையில கழிச்சுட்டுத் தான் தங்கத்துக்குக் காசு. கழிக்கலன்னா வைரத்துக்குத் தங்க விலையும் சேத்துக் குடுக்கறீங்க. நகைக்கு ஜிஎஸ்டி 3 சதவீதம், 2 லட்சத்துக்கு மேல போனா பான் நம்பர் கேப்பாங்க, 2 லட்சமோ அதுக்கு மேலயோ கடைக்காரங்க ரொக்கமா வாங்கிக்கக் கூடாதுன்னு சட்டம். கலர், கிளாரிட்டி, கல் எண்ணிக்கை, நேச்சுரல், திருப்பி எடுக்கற சதவீதம் எல்லாம் பில்லுலயே வேணும். "நம்ம கடை தானே ஆச்சி, பாத்துக்கலாம்"னு வாயால சொல்றது முறைச்சிட்டை (கல்யாணச் சீர் பட்டியல்) எழுதறப்ப கூட உதவாது.

கட்டி வந்தப்புறம்?

காதுகிட்ட வச்சு லேசா ஆட்டுங்க, கல்லு ஆடுற சத்தம் கேட்டா அங்கேயே திருப்பிக் குடுங்க. திரும்ப லென்ஸ்ல ஓரம் எல்லாம் பாருங்க, புதுசா சில்லு விழுந்திருந்தா கட்டறப்ப விழுந்தது, அன்னைக்கே சொன்னா தான் ஏத்துக்குவாங்க. வைரத்துல எண்ணெய் சட்டுன்னு ஒட்டிக்கும், நல்லெண்ணெய் குளியல் அன்னைக்கு தோட்டைக் கழட்டி வச்சிருங்க. மங்கினா வெதுவெதுப்பான தண்ணி, கொஞ்சம் சோப்பு, மெதுவான பிரஷ். மூடின கட்டுன்னா முக்கி வைக்காதீங்க, தண்ணி உள்ள போனா தகடு கறுத்துரும், அப்புறம் கல்லைக் கழட்டித் தான் சரி பண்ணணும்.